‘இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள்’: சதிக் கதைகளை நாம் ஏன் நம்புகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கு உளவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் கேட்கப்படுவதைவிட நல்ல கேள்விகள் நூலகக் கூட்டம் முடிந்த பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கப்படுகின்றன. அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. சிலவற்றுக்கு நாலு வரிக்கு மேல் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை.

சதிக் கோட்பாடு என்றால் என்ன?

ஒரு நிகழ்ச்சிக்கு ஊரறிந்த விளக்கம் ஒன்று இருக்கும். அதைத் தள்ளிவிட்டு, ‘அதெல்லாம் கண்துடைப்பு; பெரிய ஆட்கள் சிலர் இரகசியமாகக் கூடித் திட்டம் போட்டு நடத்தியது இது’ என்று சொல்வதுதான் சதிக் கோட்பாடு. சான்று மெலிந்திருக்கும்; சொல்பவரின் உறுதி மட்டும் மெலியாது. ‘கோட்பாடு’ என்பது அதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை என்று நினைப்பதால் நான் சதிக் கதை என்றே எழுதுகிறேன்.

அப்படியென்றால் உலகத்தில் சதியே நடப்பதில்லையா அண்ணாச்சி?

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். அதன் பிறகு நடந்த வழக்கின் பெயரே ‘திருநெல்வேலி சதி வழக்கு’. நமக்கு அது விடுதலைப் போராட்டம், வெள்ளை அரசுக்குச் சதி. பெயர் எதுவானாலும் சிலர் இரகசியமாகக் கூடினார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், துப்பாக்கி வாங்கினார்கள் என்பது நடந்த கதை. சதி நடக்கும். அது நடக்கும் என்பதால்தான் சதிக் கதையும் விலைபோகிறது. செல்லாத ரூபாய் நோட்டை ஒருவன் அச்சடிக்கிறான் என்றால் செல்லும் நோட்டு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது என்றுதானே பொருள்?

பிறகு உண்மைச் சதியையும் கதையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆஷ் வழக்கையே வைத்துக்கொள்வோம். வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. போலீஸ் வீடுகளைச் சோதனை போட்டபோது இன்னும் கடிதங்கள் சிக்கின. கூடிச் சபதம் எடுத்தவர்களில் சிலர் அப்ரூவராக மாறினார்கள். வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 14 பேர். அதில் எல்லோரும் தண்டிக்கப்படவில்லை. சிலரை நீதிமன்றம் விடுவித்தது. முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு.

இதில் கவனிக்க வேண்டியது எவ்வளவு சின்னக் கூட்டம், எவ்வளவு சீக்கிரம் விரிசல் விட்டது என்பது. நாட்டுக்காக உயிர் கொடுக்கத் துணிந்த ஒரு சிறு குழுவாலேயே சில வாரங்களுக்கு மேல் வாயைக் கட்டி வைக்க முடியவில்லை. சதிக் கதைகளிலோ பல நாட்டு அரசுகள், ஆயிரக்கணக்கான மருத்துவர்கள், விஞ்ஞானிகள், பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து பல பத்தாண்டுகள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் சீர் எவ்வளவு என்ற இரகசியத்தை இரண்டு குடும்பங்களால் இரண்டு நாள் காப்பாற்ற முடிவதில்லை.

நீண்ட காலம் மறைந்திருந்த கொடுமைகளும் உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகீயில் கறுப்பின ஆண்கள் சிலருக்கு இருந்த மேகப்புண் நோய்க்கு உரிய சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அதுவும் உள்ளே இருந்த ஒருவர் பத்திரிகைக்குச் சொல்லித்தான் வெளியே வந்தது. ஆவணம், சாட்சி, தேதி என்று வந்தது.

இன்னொரு சோதனை இருக்கிறது. ஒருவரிடம் ‘எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். ஆஷ் வழக்கில் அரசுத் தரப்பு தோற்க வாய்ப்பிருந்தது; சிலர் விஷயத்தில் தோற்கவும் செய்தது. சதிக் கதைக்குத் தோல்வியே கிடையாது. சான்று இருந்தால் ‘பார்த்தாயா’. சான்று இல்லாவிட்டால் ‘மறைத்துவிட்டார்கள் பார்த்தாயா’.

இதையெல்லாம் நம்புகிறவர்கள் படிக்காதவர்கள்தானே?

இல்லை. படிப்பு கூடக் கூட நம்பிக்கை சராசரியாகக் கொஞ்சம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் ‘கொஞ்சம்’ முக்கியம். எனக்கு வரும் சதிச் செய்திகளில் பாதி, ஓய்வுபெற்ற பொறியாளர்களிடமிருந்தும் தலைமையாசிரியர்களிடமிருந்தும் வருகிறது. படித்தவர் தவறாக நம்பினால் அதற்கு வாதம் கட்டுவதிலும் தேர்ந்தவராக இருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மனித மூளை இதற்கு ஏன் இடம் கொடுக்கிறது?

‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். தேரிக்காட்டுப் பனைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பழுத்த பழம் விழும் நேரம், காக்கை வந்து உட்கார்ந்தது, விழுந்தது. பார்த்தவனுக்குக் காக்கைதான் குற்றவாளி. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிச்சுப் போடுவது மூளையின் பிறவிக் குணம். காட்டில் சருகு அசைந்தால் புலி என்று நினைத்து ஓடியவன் பிழைத்தான். காற்றாக இருக்கும் என்று நின்று ஆராய்ந்தவன் சில நேரம் பிழைக்கவில்லை. வீண் பயத்துக்கு விலை குறைவு, தவறவிட்ட புலிக்கு விலை அதிகம். ஓடியவர்களின் வாரிசு நாம்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மற்றவர்களுக்கும் தைரியம் வரட்டும் என்று பலர் அறியக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு; 17-ஆம் தேதி இறந்தார். தடுப்பூசியால்தான் இறந்தார் என்று நம்பாத தெரு அன்று எங்கள் பகுதியில் இருந்ததா என்பதே சந்தேகம். தடுப்பூசிக்குப் பிந்தைய விளைவுகளை ஆராயும் குழு, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு முடிவு சொன்னது. லட்சக்கணக்கானோர் தினமும் ஊசி போட்டுக்கொண்ட மாதம் அது. தினமும் மாரடைப்பால் இறப்பவர்களும் ஆயிரக்கணக்கில். இரண்டு கூட்டத்திலும் இடம்பெறுகிற சிலர் இருந்தே தீருவார்கள் என்பது கணக்கு. ஆனால் கணக்குக்கு முகம் கிடையாது. விவேக்குக்கு உண்டு, நாம் எல்லோரும் நேசித்த முகம்.

கை மீறிப் போனது என்ற உணர்வு வரும்போது இந்த முடிச்சுப் போடும் பழக்கம் கூடுகிறது என்கிறது 2008-இல் விட்சன், கலின்ஸ்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. தங்கள் கையில் எதுவும் இல்லை என்று உணரவைக்கப்பட்டவர்கள், வெறும் புள்ளிக் குவியலிலும் உருவங்களைக் கண்டார்கள். பின்னால் வந்த சோதனைகள் சிலவற்றில் விளைவு இவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஊரடங்குக் காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அதன் சாரம் அந்நியமாக இராது.

பெரிய சம்பவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கதை கிளம்புகிறது?

பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறது. 1979-இல் மக்காலி, ஜாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அதிபர் சுடப்பட்டு இறந்தார் என்று சொன்னால் சதி இருக்கும் என்று நினைத்தவர்கள், குண்டு குறி தவறியது என்று சொன்னபோது தனி ஆளின் வேலையாக இருக்கும் என்று சாய்ந்தார்கள். சுட்டவன் ஒன்று, துப்பாக்கி ஒன்று. மாறியது விளைவு மட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு ‘கடலுக்கடியில் யாரோ குண்டு சோதனை செய்தார்கள்’ என்று பேச்சு ஓடியதும் இதே கணக்கில்தான். சுமத்ரா அருகே கடல் தரை விலகியது என்ற உண்மை, கடற்கரைக் கிராமத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் போதுமான காரணமாகத் தோன்றாது. தோன்றவில்லையே என்று அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வராது.

பயந்திருக்கும்போது ஆறுதல் தரும் கதையைத்தானே தேடவேண்டும்? இன்னும் பயமுறுத்தும் கதையை ஏன் நம்புகிறோம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதற்கான பதிலின் வேர் பீகாரில் இருக்கிறது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து வைத்தார். பாட்னாவில் கடும் புயல் வரப்போகிறது, சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி குலுங்கும் என்றெல்லாம். வேடிக்கை என்னவென்றால், இவை புழங்கியது வீடு இடிந்தவர்களிடம் அல்ல. அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஏதும் காணாதவர்களிடம். பிற்காலத்தில் இதைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழம்பிப்போனார். தப்பித்தவர்கள் நிம்மதியாக இல்லாமல் எதற்காகப் புதுப் பயத்தைத் தேடுகிறார்கள்?

அவர் கண்ட விடை இது. அவர்களுக்குள் பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் சுற்றிப் பார்த்தால் பயப்படக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, கண்ணெதிரே ஒன்றும் இல்லை. இந்த முரண் தாங்க முடியாதது. வதந்தி அந்தப் பயத்துக்குக் காரணம் கொண்டுவந்து கொடுத்தது. ‘நான் கோழை இல்லை, கிரகணத்தன்று வரப்போகிறது, அதனால்தான் நடுங்குகிறேன்.’ டார்ஜிலிங் நிலச்சரிவின்போது துர்கானந்த் சின்ஹா சேகரித்த செய்திகளில் அப்படிப்பட்ட ஆரூடங்கள் இல்லை. அங்கே இருந்தவர்கள் அழிவைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பயத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. இந்தச் சிந்தனையிலிருந்துதான் ஃபெஸ்டிங்கர் 1957-இல் வெளியிட்ட மன முரண்பாட்டுக் கொள்கைக்கு விதை கிடைத்தது. நம் நாட்டுக் குலுக்கலில் முளைத்த உளவியல் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சதிக் கதை ஆறுதலுக்காக நம்பப்படுவது இல்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் அச்சத்துக்கு, கோபத்துக்கு, அவமானத்துக்கு ஒரு முகவரி எழுதித் தருகிறது. அந்த வேலையைச் செய்வதால்தான் அதை யாரும் எளிதில் விடுவதில்லை.

செய்வினை நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். மாடு கறவை வற்றினால், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால், ‘யாரோ வைத்துவிட்டார்கள்’ என்று குறி கேட்கப் போவோம். ‘எதனால்’ என்ற கேள்வி ‘யாரால்’ என்று மாறும் இடம் அது. தத்துவவாதி கார்ல் பாப்பர் ஏறக்குறைய இதையே சொன்னார்: முன்பு எல்லாவற்றையும் தேவர்களின் சித்தம் என்றவர்கள், தேவர்கள் போன பிறகு அந்த நாற்காலியில் செல்வாக்குள்ள மனிதர்களை உட்காரவைத்தார்கள் என்று. ஒரு வித்தியாசம்: கொடை கொடுத்தால் சுடலைமாடன் சமாதானமாகிவிடுவார். சதிக் கதையின் வில்லனுக்கு எந்தப் படையலும் போதாது.

அரசு சொன்னதை நம்பாமல் இருக்க எங்களுக்குக் காரணமே இல்லையா?

இருக்கிறது. இந்தப் பகுதியில் உளவியல் பேசுகிறவர் இதைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் போலீஸ் தடியடி. கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரணை ஆணையத்தின் முடிவை ஊரில் பலர் இன்றும் ஏற்கவில்லை. 1986 வரை இதே மாவட்டமாக இருந்த தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று தாமிர ஆலை எதிர்ப்புப் பேரணியிலும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் உயிர் போனது. கலவரத்தை அடக்கச் சுட வேண்டியிருந்தது என்ற பேச்சை, 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை தள்ளிவிட்டுக் காவல்துறையைக் குற்றம் சாட்டியது.

கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது என்று மறுப்பு வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முதல் அறிக்கை அணு உலைக் கட்டுப்பாட்டைப் பற்றியது, இரண்டாவது அலுவலகக் கணினியைப் பற்றியது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இரண்டும் மோதவில்லை என்று வாதாடலாம். நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்காரர் அப்படி வாதாடிக்கொண்டிருக்க மாட்டார். ‘நேற்று இல்லை என்றார்கள், இன்று ஆமாம் என்கிறார்கள்’ என்பதுதான் அவர் காதில் விழும். அடுத்த முறை உண்மையையே சொன்னாலும் நம்பமாட்டார்.

மேலே இருப்பவர்களும் இதற்கு விலக்கு இல்லை. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து இயங்கும் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக ஓர் அறிவியல் இதழுக்குச் சொன்னார். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த மீனவப் பெண்ணுக்குத் தானாகப் பயம் வரும் என்று நம்புவதைவிட, வெளிநாட்டுக் கை இருக்கிறது என்று நம்புவது டெல்லிக்கு எளிதாக இருந்தது. இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள ‘யாரோ’ டெல்லியிலும் தேடப்படுவார்.

சந்தேகப்படுவது நோய் இல்லை. ஆனால் ‘2018-இல் பொய் சொன்னார்கள்’ என்பது ‘போலியோ சொட்டு மருந்திலும் பொய்’ என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு சந்தேகமும் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

வாட்ஸ்அப் வந்த பிறகுதான் இதெல்லாம் கூடிவிட்டதா?

வதந்தி பழையது, வண்டி புதியது. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பிக்கும் என்று 1977-லேயே ஆய்வு காட்டிவிட்டது. முன்பு ஒரே பேச்சை நாலு முறை கேட்க நாலு திண்ணை ஏற வேண்டும். இப்போது காலை காபிக்குள் மாமா, மச்சான், பழைய மாணவர் குழு, தெருக் குழு என்று நாலு பேர் அனுப்பிவிடுகிறார்கள். நாலும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது மறந்துபோகிறது.

விளைவு வெறும் பேச்சோடு நிற்பதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள். அந்தப் பயத்துக்கு எரிபொருளாக இருந்தவற்றில் ஒன்று, 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதி, 2010-இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு கட்டுரை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து, குலதெய்வம் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆதிச்சநல்லூரை வேண்டுமென்றே மூடி மறைக்கிறார்கள் என்பதும் சதிக் கதையா?

பாதி. 2004-05-இல் அங்கே மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அறிக்கை ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் கிடந்து, விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. கோபம் நியாயமானது. அலட்சியமா, உள்நோக்கமா என்பதற்கு விடை ஆவணங்களில் இருக்க வேண்டும், நம் ஊகத்தில் அல்ல. பக்கத்தில் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் மாநில அரசே அறிவித்தது, மறைக்கவில்லை.

ஆனால் இதே மூச்சில் குமரிக்கண்டத்தையும் மறைக்கிறார்கள் என்பார்கள். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்பது 1864-இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்கப் போட்ட ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த ஊகம் தேவையற்றுப்போனது. ஊகம் கைவிடப்பட்டதை ‘மறைப்பு’ என்று படிப்பதற்குக் காரணம், நம் பெருமை அதில் முதலீடு செய்யப்பட்டிருப்பது. பொருநை என்கிற தாமிரபரணிக்கரை மண்ணிலேயே மூவாயிரம் ஆண்டு நெல் கிடக்கும்போது, கடலுக்கடியில் ஒரு கண்டம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். இதைச் சொல்லி நான் சம்பாதித்த பகை கொஞ்சமில்லை.

வீட்டுப் பெரியவர் இப்படி நம்பினால் எப்படிப் பேசுவது?

‘சித்தப்பா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. பலர் முன்னிலையில், குறிப்பாகக் குடும்பக் குழுவில், திருத்தவே கூடாது. அவர் காப்பாற்றுவது கதையை அல்ல, முகத்தை. தனியே இருக்கும்போது, ‘அது எப்படி நடந்திருக்கும் சித்தப்பா? யார் யாருக்குச் சொன்னார்கள்? எத்தனை பேர் சேர்ந்திருக்க வேண்டும்?’ என்று உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள். ஒரு விஷயத்தைப் படிப்படியாக விளக்க முயலும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது நமக்கே தெரிகிறது. 2002-இல் ரோசன்ப்ளிட், கீல் செய்த சோதனை இதைக் காட்டியது.

வாதமே பயன்படாது என்ற எண்ணமும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. 2024-இல் வந்த ஓர் ஆய்வில், சதிக் கதையை நம்பியவர்கள் செயற்கை நுண்ணறிவுடன் உரையாடினார்கள். அவரவர் சொன்ன காரணங்களுக்கே நேராக, பொறுமையாக அது பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்து, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. இயந்திரத்துக்குச் சலிப்பு வருவதில்லை, சித்தப்பா மேல் பழைய கோபமும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

நீங்கள் எதையாவது நம்பி ஏமாந்ததுண்டா?

2023 டிசம்பர் 17 இரவு. மழை நிற்கவில்லை, மின்சாரம் இல்லை, கைப்பேசியில் மிச்சம் கொஞ்சம் சார்ஜ். ‘பாபநாசம் அணை உடைந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள்’ என்று ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் யாரென்று தெரியாது. குரலில் நடுக்கம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது எனக்கு. ஃபெஸ்டிங்கரை இருபது ஆண்டாகப் பாடம் நடத்துகிற நான், குறுக்குத்துறை பக்கம் இருக்கும் என் தங்கைக்கு அதை அனுப்பினேன். நடக்க முடியாத மாமியாரை அவளும் அவள் மகனும் இருட்டில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போனார்கள். படியில் வழுக்கி அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அணை உடையவில்லை.

வெட்கத்தோடு சொல்வது அதற்கடுத்தது. ‘அணையை வேண்டுமென்றே ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள்’ என்ற கதையை நான் பிறகும் பல வாரங்கள் நம்பினேன், நாலு பேரிடம் சொன்னேன். அணைகளிலிருந்து ஏராளமாகத் தண்ணீர் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் அணையின் பாய்ச்சலுக்குச் சம்பந்தமில்லாத கடற்கரைக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. அந்த எண்ணை நான் செய்தித்தாளில் முதல் வாரமே பார்த்தேன். பார்த்தும் கடந்துபோனேன். யாரோ திறந்துவிட்டார்கள் என்று இருக்கும்வரை, அந்த மணிக்கட்டு என் கணக்கில் வரவில்லை.

தங்கையிடம் பொங்கலுக்குப் போனபோது சொன்னேன். ‘தெரியும் அண்ணன். அனுப்பியவர் பெயர் அதிலேயே இருக்கிறதே’ என்றாள்.